இடக்கையில் ஒரு புள்ளி

வாசல் மணி அடித்ததும் நாத்தனார்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பில் நின்ற பெண்மணி அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எட்டி வீட்டுக்குள் பார்த்தார்.

"மருந்தம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க, வாங்க" என்றாள் நாத்தனார். முகம் மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது.

முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். அவளுடைய அண்ணி, செத்துப்போன அண்ணனின் மனைவி, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எங்கேயாவது மருந்தில் குளறுபடி என்றால் ஊரே 'மருந்தம்மா' என்று அண்ணியைத் தேடி வரும். போன வருஷம் கண்மருந்து மாறிப்போன விஷயத்தைக் கண்டுபிடித்தபோது பாட்டிலை மோந்து பார்த்தது யார்? நாத்தனார். பூங்கொத்து யாருக்கு வந்தது? அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

வந்தவர் ஒரு பராமரிப்பு இல்லத்தின் மேட்ரன். நாற்பது படுக்கை. எழுந்து நடமாட முடியாதவர்களை வருஷக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்.

"நேத்து காலைல பத்து மணிக்கு எங்க கப்பல் ஐயா மயங்கிட்டாரும்மா" என்றார் மேட்ரன். "கப்பல்ல எஞ்சினியரா இருந்தவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோச்சு, சர்க்கரையும் உண்டு. பாத்தா சர்க்கரை முப்பத்தெட்டு. குளுக்கோஸ் ஏத்திப் பொழைக்க வெச்சுட்டோம். ஆனா கணக்கு இடிக்குது. அவருக்குக் காலைல ஒரே ஒரு ஊசிதான், பன்னிரண்டு யூனிட். அவருக்கு ஊசி போடற இன்சுலின் பேனால ரெண்டு வேளை மருந்து குறைஞ்சிருக்கு. ஊசிமுனையும் ரெண்டு கழட்டிக் குப்பைல போட்டிருக்கு. சார்ட்ல கையெழுத்து ஒண்ணுதான்."

"யாரோட கையெழுத்து?" என்றார் அண்ணி.

"சிட்டு. சின்னப் பொண்ணு, சிட்டுக்குருவி மாதிரி பறந்து பறந்து வேலை செய்வா, அதனால அந்தப் பேரு. ஒரு தடவை போட்டுட்டு மறந்து மறுபடியும் போட்டிருக்கான்னு நிர்வாகத்துல முடிவு பண்ணிட்டாங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நர்சிங் கவுன்சிலுக்குக் கடிதம் போகணும். போச்சுன்னா அவ லைசென்ஸ் போயிடும், அப்புறம் எங்கயும் எடுக்க மாட்டாங்க. அவளோ ஒரே ஒரு தடவைதான் போட்டேன்னு அடிச்சுச் சொல்றா."

"நீங்க நம்புறீங்களா?"

"நம்பினா இன்னொருத்தரைச் சந்தேகப்படணுமேம்மா. அதுக்கு எனக்குத் தைரியமில்ல."

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாத்தனார் அதற்குள் பையை எடுத்துத் தோளில் மாட்டியாகிவிட்டது.

"நீங்களும் வர்றீங்களா?" என்றார் மேட்ரன்.

"பின்னே?" என்றாள் நாத்தனார்.

இல்லத்தின் முகப்பில் ஒரு பலகை தொங்கியது. 'மருந்துத் தவறு இல்லாத நாட்கள்' என்று அச்சிட்டு, கீழே எண் எழுத இடம் விட்டிருந்தார்கள். அந்த இடம் ஈரத்துணியால் துடைக்கப்பட்டிருந்தது.

"நேத்து வரைக்கும் எவ்வளவு?" என்று கேட்டார் அண்ணி.

"இருநூத்திப் பன்னிரண்டும்மா."

"அத்தனை நாளும் தப்பு நடக்கலையா, இல்ல யாரும் சொல்லலையா?"

மேட்ரன் சாவிக்கொத்தைத் தடவினார்.

கப்பல் ஐயாவின் அறையில் அவருடைய மகள் கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் இடக்கையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். காலை ஆறரைக்கே வந்து அப்பாவுக்கு முகம் மழித்துவிட்டு ஏழேகாலுக்கு வேலைக்குப் போகிறவள். இன்று லீவு போட்டிருந்தாள்.

ஐயா கண்ணைத் திறந்து வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வாய் கொஞ்சம் கோணியிருந்தாலும் பேச்சு புரிந்தது.

"சிட்டு எங்க?"

"பாத்தீங்களா?" என்றாள் மகள். "மூணு வருஷமா தினமும் வந்து ஷேவ் பண்ணிவிடறவ நான். கண்ணு முழிச்சதும் கேக்கறது சிட்டுவை. அவ வந்தாத்தான் ஊசி, அவ குடுத்தாத்தான் மாத்திரை. என்ன மாயம் பண்ணி வெச்சிருக்காளோ. கடைசில உயிருக்கே உலை வெச்சுட்டா."

"நீங்க அவருக்கு ஊசி போடுவீங்களா?" என்றாள் நாத்தனார் சட்டென்று.

"போடத் தெரியும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற நாளுக்காகச் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்குத் தனிப் பேனா வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கு."

நாத்தனார் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணி ஐயாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் பாருங்க" என்று மகள் அப்பாவின் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். இடது புஜத்தின் வெளிப்பக்கத்தில் ஊசி குத்திய புள்ளி. சுற்றிலும் பயறளவுக்கு நீலம் பாய்ந்திருந்தது. "இது நேத்து சாயங்காலம்தான் கண்ணுல பட்டுது. முந்தாநாள் இல்ல. தினம் பிடிச்சுவிடற கை, எனக்குத் தெரியாதா? இந்த மோதிர விரல் நுனியிலயும் ஒரு குத்து."

"இந்தப் பக்கம் உணர்ச்சி இருக்கா ஐயா?" என்றார் அண்ணி.

"வெட்டினாலும் தெரியாது" என்றார் கப்பல் ஐயா, ஏதோ பெருமை போல.

கட்டிலோர இழுப்பறையில் அவருக்கென்றே இருந்த சர்க்கரை மீட்டரை அண்ணி எடுத்தார்.

"அதைப் பாக்காதீங்கம்மா" என்றார் மேட்ரன். "பேட்டரி மாத்தினதுலேருந்து டைம் தாறுமாறு. யாரும் திருத்தி வைக்கல. அளவு சரியாக் காட்டும், மணி மட்டும் பைத்தியம்."

அண்ணி தலையாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தி, நேற்றைய எண்களைச் சின்னச் சீட்டில் எழுதிக்கொண்டார். மூன்று வரி இருந்தது. இரண்டு மணி இருபது நிமிஷத்துக்கு நூற்றைம்பத்தெட்டு. மூன்றே முக்காலுக்குத் தொண்ணூற்றாறு. ஐந்து நாற்பதுக்கு முப்பத்தெட்டு. நாத்தனாரும் எட்டிப் பார்த்தாள். பைத்தியக்காரக் கடிகாரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

சிட்டு மருந்தறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. இவர்களைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"உக்காரும்மா. நேத்து எத்தனை மணிக்கு வந்தே?"

"ஆறு அம்பத்தெட்டு. கேட்ல கையெழுத்து இருக்கு. ராத்திரி டியூட்டில மூத்த அக்கா இருந்தாங்க. அவங்ககிட்ட மருந்து வண்டிச் சாவி வாங்கினேன். அதுக்குள்ள ரெண்டாம் ரூம்ல ஒரு அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்கன்னு கூப்பிட்டாங்க. ஓடிட்டேன்."

"அப்ப டியூட்டியை ஒப்படைக்கிற பேச்சு?"

"நின்ன வாக்குலதான். அக்கா ஏதோ சொல்ல வந்தாங்க. 'கப்பல் ஐயாவைப் பத்திக் கவலைப்படாதீங்கக்கா, உங்களைத்தான் கிட்ட விடமாட்டாரே, நான் பாத்துக்கறேன்'னு சிரிச்சுட்டே போயிட்டேன்." சிட்டு மூக்கை உறிஞ்சினாள். "எட்டு பத்துக்கு விரல் குத்திப் பாத்தேன், வலது கை. தொண்ணூத்தாறு. வயித்துல வலப்பக்கம் பன்னிரண்டு யூனிட் போட்டேன். எட்டு இருபதுக்குச் சாப்பாடு குடுத்தாங்க. சத்தியமா ஒரு தடவைதான்."

"எப்பவும் காலைல எவ்வளவு இருக்கும்?"

"நூத்தம்பது, நூத்தறுபது."

"தொண்ணூத்தாறைப் பாத்து ஒண்ணும் தோணலையா?"

சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். "தோணுச்சும்மா. தொண்ணூறுக்குக் கீழ போனாத்தான் நிறுத்தணும்னு டாக்டர் எழுதியிருக்கார். ஒரு மணி நேரம் லேட் வேற. போட்டுட்டேன்."

"இடக்கைல யாராவது ஊசி போடுவாங்களா?"

"மாட்டோம். உணர்ச்சியில்லாத பக்கம் குத்தக்கூடாதுன்னு ரூல். வலிச்சாலும் அவருக்குச் சொல்லத் தெரியாதே."

நடைக்கு வந்ததும் நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மகள்தான் அண்ணி. சந்தேகமே இல்ல."

"எப்படி?"

"பொறாமை. நீங்க அவ முகத்தைப் பாக்கலையா? அப்பா அந்தப் பொண்ணு பேரைச் சொன்னதும் வாய் எப்படிக் கோணுச்சு? சிட்டுவை மாட்டிவிடணும்னு வீட்டுப் பேனாவைக் கொண்டுவந்து, அவருக்குத் தெரியாத கையில குத்திட்டா."

"பொறாமைன்னு சொன்னது சரி" என்றார் அண்ணி.

"அப்ப?"

"வீட்டுப் பேனால போட்டிருந்தா இங்க இருக்கற பேனால ஏன் குறையணும்? அது பூட்டின வண்டிக்குள்ள இருக்கு. அதோட, தான் குத்தின புள்ளியைத் தானே சட்டையை ஏத்திக் காட்டுவாளா?"

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. எப்போதும் இப்படித்தான். பாதி வழி இவள் ஓடுவாள். மீதியை அண்ணி நடந்தே வந்து சேர்ந்துவிடுவார். "பொறாமைன்னு கண்டுபிடிச்சது நான்" என்றாள், யாரும் கேட்காதபோதும்.

"நீதான். உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றார் அண்ணி. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா குத்தலாக எடுத்துக்கொள்வதா என்று நாத்தனாருக்கு மூன்று மணி வரை புரியவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் பார்வையாளர் அறையில் கூடினார்கள். மேட்ரன், சிட்டு, மகள். கடைசியாக மூத்த சிஸ்டர் வந்தார். ஐம்பத்தைந்து வயது. நரைத்த தலையை இழுத்து வாரி முடிந்திருந்தார். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் போனவரை மேட்ரன் போன் பண்ணி வரவழைத்திருந்தார்.

"தூங்கற நேரத்துல கூப்பிட்டுட்டோம், மன்னிக்கணும்" என்றார் அண்ணி.

"தூக்கம் எங்க வருது. பாவம் இந்தப் பொண்ணு" என்று மூத்த சிஸ்டர் சிட்டுவைப் பார்க்காமலே சொன்னார்.

அண்ணி சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்த மீட்டரோட கடிகாரம் தப்பு. ஆனா தப்பான கடிகாரமும் ஓடிட்டுத்தான் இருக்கு. அது காட்டற மணியை நம்ப வேண்டாம். ரெண்டு எண்ணுக்கு நடுவுல எவ்வளவு நேரம் போச்சுங்கறதை நம்பலாம். சிட்டு பாத்த தொண்ணூத்தாறு, மீட்டர்ல மூணேமுக்கால். சார்ட்ல எட்டு பத்து. ஆக மீட்டர் நாலு மணி இருபத்தஞ்சு நிமிஷம் பின்னால இருக்கு. சரியான்னு இன்னொரு தடவை பாக்கலாம். ஐயா மயங்கினப்போ முப்பத்தெட்டு. மீட்டர்ல அஞ்சு நாப்பது. மேட்ரன், உங்க ரிப்போர்ட்ல எத்தனை மணி?"

மேட்ரன் காகிதத்தைப் புரட்டினார். "பத்து அஞ்சு."

"அதே நாலு மணி இருபத்தஞ்சு நிமிஷம். அப்ப முதல் எண், நூத்தம்பத்தெட்டு, ரெண்டு இருபதுன்னு காட்டுது. கூட்டிப் பாருங்க."

நாத்தனார் விரல் மடக்கினாள். எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். "ஆறே முக்கால்."

"ஆறே முக்காலுக்கு யாரோ ஐயாவோட விரலைக் குத்திப் பாத்திருக்காங்க. சார்ட்ல எழுதல. அதுக்கப்புறம் அவர் ஒண்ணும் சாப்பிடல, இருந்தும் எட்டு பத்துக்குள்ள சர்க்கரை அறுபத்திரண்டு இறங்கியிருக்கு. சும்மா இறங்குமா? அப்பவே ஒரு ஊசி உள்ள போயிருக்கு. சிட்டு கேட்டைத் தாண்டினது ஆறு அம்பத்தெட்டுக்கு. அவ வர்றதுக்கு முன்னாடி பதிமூணு நிமிஷம்."

சிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆறே முக்காலுக்கு நான் அங்க இருந்தேன்" என்றாள் மகள் மெதுவாக. "இல்ல, நேத்து சோப்பு தீந்துபோச்சுன்னு கடைக்குப் போனேன். திரும்பி வந்தப்போ ஏழு. அப்பா தூங்கிட்டு இருந்தார். எழுப்பாம வேலைக்குப் போயிட்டேன்."

"ஏழு மணி வரைக்கும் வண்டிச் சாவி யார்கிட்ட?" என்றார் அண்ணி.

மேட்ரன் மூத்த சிஸ்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்த்ததற்காக வருந்துகிறவர் போல் தரையைப் பார்த்தார்.

"சாவி என்கிட்ட இருந்தது" என்றார் மூத்த சிஸ்டர். "இருந்தா நான்தான்னு ஆயிடுமா? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு. காலை ஊசி காலை டியூட்டி ஆளோடது. நான் எதுக்குப் போடணும்? அந்த மனுஷனுக்கு நான் கெடுதல் நினைப்பேனா?"

"நினைக்க மாட்டீங்க" என்றார் அண்ணி. "எதுக்குன்னுதான் எனக்கும் புரியல. கணக்கு இதுவரைக்கும்தான் வருது."

உண்மையாகவே புரியவில்லை என்பது அண்ணியின் முகத்தில் தெரிந்தது. நாத்தனார் இத்தனை வருஷத்தில் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவள் கண் மூத்த சிஸ்டரின் கைகளில் இருந்தது. வலது கை இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அவர் முதல்ல உங்க பேஷண்ட்தானே அக்கா?"

மூத்த சிஸ்டர் நிமிர்ந்தார்.

"இவ வர்றதுக்கு முன்னாடி யார் பாத்துக்கிட்டா அவரை?"

"நான்தான். ரெண்டரை வருஷம்" என்றார் மூத்த சிஸ்டர். "மலமூத்திரம் எடுத்து, புண்ணு வராம புரட்டிப் போட்டு. இவ வந்து நாலு மாசம்கூட ஆகல."

"அப்புறம் உங்களை ராத்திரிக்கு மாத்திட்டாங்க."

"அவர் கேட்டாராம். நான் ஊசி போட்டா வலிக்குதாம்."

"எனக்கும் ஒரு வார்டு இருந்துச்சு" என்றாள் நாத்தனார். "ஒரு பெரியவர். என்னைக் கண்டா போர்வையை இழுத்து மூடிக்குவார். புதுசா வந்த ஒருத்தி எட்டிப் பாத்தா எழுந்து உக்காந்து தலை சீவிக்குவார். நான் என்ன குறை வெச்சேன்னு பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். அவர் தூங்கறப்போ, அவருக்கே தெரியாம, ஒரு தடவையாவது என் கையால மருந்து உள்ள போகட்டும்னு நினைச்சிருக்கேன் அக்கா. அன்னிக்குப் பக்கத்துக் கட்டில்ல ஆள் முழிச்சிருந்தாங்க. அதனாலதான் செய்யல. நல்லவள்னு இல்ல."

அண்ணி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கதை அவருக்கும் புதிது.

மூத்த சிஸ்டரின் குரல் இறங்கிவிட்டது. நாத்தனாரிடம் மட்டும் பேசுவது போலப் பேசினார்.

"வலிக்குதுங்கறது பொய்னு காட்டணும்னு நினைச்சேன். தெரியாத கைல போட்டா வலிக்குதுன்னு சொல்ல முடியாதில்ல? போட்டுட்டு இவகிட்ட சொல்லணும்னு இருந்தேன். 'பாத்தியா, ஒரு வார்த்தை பேசாம என்கிட்ட போட்டுக்கிட்டார்'னு. அவ்வளவுதான் எனக்கு வேணும். எழுதறதுக்குக்கூட சார்ட்டை எடுத்துட்டேன். அப்பத்தான் வந்தா. 'உங்களைத்தான் கிட்ட விடமாட்டாரே'ன்னு சிரிச்சா."

"அக்கா, நான் விளையாட்டுக்கு..." என்று ஆரம்பித்தாள் சிட்டு.

"தெரியும். அதான் தாங்கல. சார்ட்டைத் திரும்ப வெச்சுட்டுக் கிளம்பிட்டேன். பஸ்ல உக்காந்ததும் திக்குனு இருந்தது. போனை எடுத்தேன். மணி ஏழரை. இன்னும் நேரம் இருந்துச்சு." அவர் கைகளைப் பிரித்து மடியில் வைத்தார். "அப்ப ஒரு நினைப்பு. எல்லாரும் இவளைக் கெட்டிக்காரின்னு சொல்றாங்களே, சர்க்கரை குறைஞ்சிருக்கறதைப் பாத்து இவளே கண்டுபிடிக்கட்டும்னு. போனைப் பைக்குள்ள வெச்சுட்டேன்."

மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"அவர் செத்திருந்தா?" என்றாள் திரும்பாமலே.

"அதைத்தான் நேத்துலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் மூத்த சிஸ்டர்.

மேட்ரன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். மருந்துத் தவறு நடந்தால் செய்தவரே நிரப்ப வேண்டியது. மூத்த சிஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதினார். தேதி, ஆறே முக்கால், பன்னிரண்டு யூனிட், இடது புஜம். இருபத்தெட்டு வருஷம் எழுதிப் பழகிய கை. காரணம் என்ற இடத்தில் வந்து நின்றது. கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். ஆள் பற்றாக்குறை. களைப்பு. ஒரே மாதிரி தெரியும் மருந்து. தெளிவில்லாத கையெழுத்து. கடைசியில் 'மற்றவை'.

"களைப்புன்னு போட்டுக்கலாம்" என்றார் மேட்ரன் மெல்ல. "ராத்திரி முழுக்க முழிச்சிருந்தீங்க. அதுவும் பொய்யில்லையே."

மூத்த சிஸ்டர் நாத்தனாரைப் பார்த்தார். 'மற்றவை'யில் குறி போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: பொறாமை. கையெழுத்துப் போட்டுப் படிவத்தை மேட்ரனிடம் கொடுத்தார்.

"இதை எப்படி மேல அனுப்பறது?" என்றார் மேட்ரன்.

"இருக்கறபடியே" என்றார் அண்ணி. "சாயங்காலம் போற கடிதத்தோட இதையும் சேத்து அனுப்புங்க. சிட்டு பேரை எடுத்துட்டு."

"எடுக்க வேண்டாம்மா" என்றாள் சிட்டு. "எனக்கும் ஒரு ஃபார்ம் குடுங்க. தொண்ணூத்தாறைப் பாத்து மனசுல இடிச்சுது. யாரையும் கேக்காம போட்டேன். அது என்னோடது." நாற்காலியை இழுத்து மூத்த சிஸ்டரின் எதிரில் உட்கார்ந்தாள். "பேனா குடுங்கக்கா."

மூத்த சிஸ்டர் பேனாவை நகர்த்தினார். அவள் முகத்தைப் பார்க்க இன்னும் முடியவில்லை.

வாசல்வரை வந்து வழியனுப்பிய மேட்ரன் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும், மருந்தம்மா." நாத்தனாரைப் பார்த்துத் தலையை அசைத்தார், அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார இடம் இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் பையை மடியில் வைத்து அதன் கைப்பிடியை முறுக்கினாள்.

"எனக்குப் பொறாமையா இருக்கு அண்ணி" என்றாள். "உங்க மேல. இன்னிக்கு நேத்து இல்ல, ரொம்ப வருஷமா."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லக்கூடாதா?"

"உனக்கே தெரியுமேன்னு விட்டுட்டேன்." அண்ணி பஸ் வரும் திசையைப் பார்த்தார். "அந்தம்மா நான் கேட்டப்போ வாயைத் திறக்கல. நீ பக்கத்துல உக்காந்ததும் எல்லாத்தையும் கொட்டினாங்க. மணிக்கணக்கைப் போட என்னால முடியும். என்கிட்ட வந்து யாரும் எதுவும் சொன்னதில்ல. ஜன்னல் வழியா சீட்டை நீட்டுவாங்க, மருந்தை வாங்கிட்டுப் போவாங்க. முப்பத்தஞ்சு வருஷம் அப்படியே போச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "அங்க உக்காந்திருந்தப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது, தெரியுமா?"

நாத்தனார் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொன்ன முகமாக இல்லை.

"நல்லா எரியட்டும்" என்றாள். பஸ் வந்தது. முதலில் அவள்தான் ஏறினாள்.